பூட்டுக்காரரின் ஆப்பிள் வினிகர்

பூட்டுக்காரரிடம் எந்த வியாதியைச் சொன்னாலும் மருந்து ஒன்றுதான். தொண்டை கரகரப்பா? ஆப்பிள் வினிகர். தலையில் பொடுகா? ஆப்பிள் வினிகர். வயிற்று உப்புசம், கால் நாற்றம், தொப்பை, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் அதுவே. மருமகள் மதிக்கமாட்டேன் என்கிறாள் என்று ஒருவர் வந்து புலம்பியபோதுகூட, "ஒரு டம்ளர் தண்ணியில ரெண்டு ஸ்பூன் விட்டு வெறும் வயித்துல குடிங்க, மனசு லேசாயிடும்" என்று அனுப்பிவைத்தார். வந்தவருடைய மனசுக்கா, மருமகளுடைய மனசுக்கா என்று அவரும் சொல்லவில்லை, வந்தவரும் கேட்கவில்லை.

கடை பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் இருந்தது. ஒரு பக்கம் செருப்புக் கடை, மறுபக்கம் செல்போன் ரிப்பேர். நடுவில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டிய அளவுக்கு ஒரு இடம். சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்க வெட்டாத சாவிகள். வாசலோரம் சாவி வெட்டும் மெஷின். அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவள் அவருடைய மனைவி. கல்யாணம் ஆகி வந்த புதிதில் சும்மா துணைக்கு உட்கார்ந்தவள், மெஷினைக் கையில் எடுத்தாள், பிறகு அவரை அதன் பக்கமே விடவில்லை. தெருவே அவளைச் சாவியக்கா என்றுதான் கூப்பிடும். வீட்டில் அவளுக்கு வைத்த பேர் அவளுக்கே சட்டென்று நினைவுக்கு வராது.

உள்பக்க மேசை பூட்டுக்காரருடையது. ரிப்பேர் வேலையும், சாவியைத் தொலைத்தவர்கள் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்துகொடுப்பதும் அவர் பாடு. ஒரு வளைந்த கம்பி, ஒரு நீள ஊசி, அவ்வளவுதான் ஆயுதம். பூட்டுக்குள் வரிசையாகச் சின்னச் சின்னப் பின்கள் நிற்கும். ஊசியால் ஒவ்வொன்றாகத் தூக்கிவிட வேண்டும். பின் தன் இடத்தில் உட்காரும்போது மயிரிழை அசைவு ஒன்று வரும். அது விரல் நுனியில் தெரிந்தால் திறக்கலாம், தெரியாவிட்டால் நாள் முழுக்கக் குடைந்துகொண்டிருக்கலாம். பூட்டுக்காரருக்குத் தெரியும். அதில் அவருக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. "டாக்டருக்கு ஸ்டெதஸ்கோப் வேணும். எனக்கு அதுவும் வேண்டாம்" என்பார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் வினிகரில் விழுந்த கதை துருவில் ஆரம்பித்தது.

துருப்பிடித்த பூட்டுகளைச் சாதா வெள்ளை வினிகரில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவது அவர் வழக்கம். ஒருநாள் மளிகைக் கடையில் வெள்ளை வினிகர் தீர்ந்துபோய், கடைக்காரர் ஆப்பிள் வினிகரைத் தலையில் கட்டிவிட்டார். ராத்திரி ஊறிய பூட்டு காலையில் பளிச்சென்று எழுந்து வந்தது. அது வெள்ளை வினிகரிலும் அப்படித்தான் வரும். ஆனால் இந்த பாட்டிலில் சிவப்பாக ஒரு ஆப்பிள் படமும், பின்பக்கம் பொடி எழுத்தில் ஏகப்பட்ட வாசகமும் இருந்தன. பூட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு செல்போனில் தேடினார். தேடினால் போதாதா? அன்றைக்கே ஒரு பெரிய படையே வந்து இறங்கிவிட்டது. வெறும் வயிற்றில் குடித்து இளைத்தவர்கள், முகத்தில் தடவிப் பளபளத்தவர்கள், சர்க்கரை வியாதியை ஓட ஓட விரட்டியவர்கள்.

கடைசிக் கோஷ்டியில்தான் வம்பே. பூட்டுக்காரருக்கும் சர்க்கரை உண்டு.

"இங்க பாரு," என்று ஊறிய பூட்டை மனைவியின் மூக்குக்கு நேரே நீட்டினார். "எத்தனை வருஷத்துத் துரு! ஒரே ராத்திரியில கழண்டு வந்துடுச்சு. இரும்புல ஒட்டின துருவையே கழட்டுற சரக்கு, ரத்தத்துல இருக்கிற சர்க்கரையைக் கழட்டாதா?"

"ரத்தம் என்ன பூட்டாங்க?"

"குழாய்தானே? உள்ள அடைச்சுக்கிட்டா ஊறவெச்சு எடுக்க வேண்டியதுதான்."

இந்த மாதிரி ஒரு தர்க்கம் பூட்டுக்காரர் மூளையில் மட்டும்தான் உதிக்கும். தையல்காரராக இருந்திருந்தால் பிரித்துத் தைக்கலாம் என்றிருப்பார். சாவியக்கா தலையில் அடித்துக்கொண்டு மெஷினை ஓடவிட்டாள். சத்தத்தில் அவர் பேச்சு காதில் விழாது, அது அந்த மெஷினின் இரண்டாவது உபயோகம்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். வினிகர் சில காரியங்களை ஒழுங்காகவே செய்தது. ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, இரண்டு சொட்டு பாத்திரச் சோப்பும் விட்டு வைத்தால் பழ ஈக்கள் வந்து விழுந்து மேலே போய்ச் சேர்ந்தன. கெட்டிலின் அடியில் படிந்த வெள்ளைப் படலம் கரைந்தது. செருப்புக் கடைக்காரர் கால் நாற்றத்துக்குத் தண்ணீரில் கலந்து காலை ஊறவைத்துவிட்டு, பரவாயில்லை என்றார். அவர் மனைவி அதைவிட உற்சாகமாகப் பரவாயில்லை என்றாள். ஆனால் சாவியக்காவின் தம்பி கதை வேறு. பொடுகுக்குக் கேட்டவனிடம், தண்ணீர் கலக்க வேண்டும் என்பதை மச்சான் சொல்ல மறந்துவிட்டார். அவன் பாட்டிலோடு தலையில் கவிழ்த்துக்கொண்டு, உச்சந்தலை தீயாய் எரிய, துண்டைச் சுற்றிக்கொண்டு கடைக்கு ஓடிவந்தான்.

"பாத்தியா, வேலை செய்யுது! எரிஞ்சாத்தான் மருந்து" என்றார் பூட்டுக்காரர். தம்பி அதற்குப் பிறகு பல நாள் கடைப் பக்கமே தலைகாட்டவில்லை. காட்டுகிற நிலையிலும் அந்தத் தலை இல்லை.

இதையெல்லாம் சாவியக்கா சிரித்துக்கொண்டே சகித்துக்கொண்டாள். காலையில் அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பதையும், குடித்ததும் முகம் கோணி, ஒரு கண் மூடி, உடம்பு ஒருமுறை உதறுவதையும் பார்ப்பதற்கு அவளுக்குக் கொஞ்சம் வேடிக்கையாகக்கூட இருந்தது. சிரிப்பு நின்றது எதிர்ச் சாரி மருந்துக் கடைக்காரரால்.

"என்னக்கா, அண்ணன் மாத்திரைக்கு வர்றதே இல்லையே? வேற கடையா?" என்று அவர் கேட்டார்.

வேறு கடை இல்லை. தினமும் காலையில் அவள் பார்க்க அவர் அட்டையிலிருந்து பிரித்தெடுத்த மாத்திரை, வாய்க்குப் போகாமல் சட்டைப் பைக்குள் போய்க்கொண்டிருந்தது. துணி துவைக்கும்போது பையின் அடியில் ஒட்டியிருந்த வெள்ளைக் கூழ் என்ன என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. வாங்கிவைத்திருந்த அட்டைகளும் தீர்ந்துபோயிருந்தன, அதை அவர் சொல்லவுமில்லை, புதிதாக வாங்கவுமில்லை.

"மாத்திரையை நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்தல. தேவைப்படல."

"யார் சொன்னா தேவைப்படலன்னு?"

"டெஸ்ட் சொல்லுச்சு. போய்ப் பாத்தேன். குறைஞ்சிருக்கு."

குறைந்துதான் இருந்தது. டெஸ்டுக்கு முந்தின நாள் பூட்டுக்காரர் மத்தியானமும் ராத்திரியும் சரியாகச் சாப்பிடவில்லை. பட்டினி கிடந்துவிட்டுப் பேரை மட்டும் வினிகருக்குக் கொடுத்தார். சாவியக்கா அதைச் சொன்னபோது, "உனக்கு நல்லது பிடிக்காது" என்றார். அவள் சண்டை போட்டாள். பேசாமல் இருந்தாள். மறுபடி சண்டை போட்டாள். கெஞ்சியும் பார்த்தாள். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுங்கள், உங்கள் வினிகர் மனம் கோணாது என்றாள். ஒன்றும் நடக்கவில்லை. இரும்புக் கதவையெல்லாம் திறக்கிற மனுஷன், தன் மண்டையை மட்டும் யாரும் திறக்காதபடி பூட்டிவைத்திருந்தார்.

இதற்கு நடுவில் ஒரு பெரியவர் தன் பழைய பெட்டியின் பூட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். மேலே மினுமினுவென்று பூச்சு. பூட்டுக்காரர் அதை வினிகரில் போட்டார், மறந்தார். நினைவு வந்து எடுத்தபோது பூச்சு போய், உள்ளே உலோகம் சொரசொரவென்று அரித்துப்போயிருந்தது. பெரியவர் பூட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்த பார்வைக்குப் பூட்டுக்காரர் புதுப் பூட்டே கொடுக்க வேண்டியதாயிற்று.

"பூட்டே இந்தக் கதின்னா உங்க பல்லு?" என்றாள் சாவியக்கா.

அன்றிலிருந்து அவர் ஸ்ட்ரா வைத்துக் குடித்தார். குடிப்பதை நிறுத்தவில்லை.

அவளுக்கு வேறு ஒன்றும் கண்ணில் பட்டது, ஆனால் இதோடு அதை முடிச்சுப்போடத் தோன்றவில்லை. மேசையில் திருகாணிகள் அடிக்கடி கீழே விழுந்தன. வெளிச்சம் போதவில்லை என்றார். பளிச்சென்று ஒரு பல்ப் மாட்டினாள். பிறகு, இப்போது வருகிற திருகாணியே சரியில்லை என்றார். நுணுக்கமான பூட்டு வந்தால், "இந்தக் கம்பெனி மாலெல்லாம் குப்பை, புதுசு வாங்கிடுங்க" என்று அனுப்பிவைத்தார். வயசாகிறது, சோம்பல் வந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லியும் காட்டினாள், பாவி.

ஒரு முற்பகல், தெருக்கோடி அடுக்குமாடியிலிருந்து ஒரு இளம் பெண் செருப்பில்லாமல் ஓடிவந்தாள். குப்பையைப் போட வெளியே வந்தாளாம், காற்றில் கதவு சாத்திக்கொண்டதாம், உள்ளே குழந்தை. சொல்வதற்குள் மூச்சு வாங்கி அழுதுவிட்டாள். அவளைத் தனியாக அனுப்ப மனம் வராமல் சாவியக்கா ஷட்டரை இறக்கிவிட்டுக் கூடவே போனாள்.

மூன்றாவது மாடி. பயப்படும்படி உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. அடுப்பு அணைந்திருந்தது, ஜன்னல்கள் மூடியிருந்தன. குழந்தை ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு உள்பக்கத்திலிருந்து கதவைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. வெளியே இருந்த மூன்று பேரையும்விட அது நிம்மதியாக இருந்தது.

"செல்லம், அம்மா இங்கதான் இருக்கேன், இதோ வந்துடறேன்" என்று அவள் கதவோடு ஒட்டிக்கொண்டு அழுதாள்.

"தள்ளிக்கம்மா. டீ ஆறுறதுக்குள்ள திறந்துடலாம்" என்றார் பூட்டுக்காரர்.

டீ போட்டு, ஆறி, குடித்து, டம்ளரைக் கழுவியும் வைத்திருக்கலாம். கதவு திறக்கவில்லை. அவர் கம்பியை மாற்றினார். ஊசியை மாற்றினார். முட்டி போட்டார், உட்கார்ந்தார், மறுபடி முட்டி போட்டார். கழுத்திலிருந்து வியர்வை வழிந்து காலர் நனைந்தது. உள்ளே கரண்டிச் சத்தம் நின்று சிணுங்கல் ஆரம்பித்தது.

"அண்ணே, உடைச்சிடுங்கண்ணே. பரவால்ல."

"உடைக்கிறதுக்கு நான் எதுக்கும்மா? இதோ, வந்துடுச்சு."

வரவில்லை. சாவியக்கா அந்தப் பூட்டைப் பார்த்தாள். அதே மாதிரிப் பூட்டுக்கு அவள் தினமும் சாவி வெட்டுகிறாள். சாதாரணப் பூட்டு. இதைத் திறக்க அவருக்கு இவ்வளவு நேரமா? கீழே பார்த்தவள், வாசல் மிதியடியில் சிவப்பாக ஒரு சொட்டைக் கண்டாள். பக்கத்தில் இன்னொன்று. ஊசி வழுக்கி அவருடைய கட்டைவிரலில் நன்றாக இறங்கியிருந்தது. ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்து சட்டைக் கையை நனைத்திருக்க, அவர் பாட்டுக்குக் குடைந்துகொண்டிருந்தார்.

"என்னங்க, ரத்தம்."

"எங்க?" என்று பதறிப்போய் நிமிர்ந்தவர், முதலில் அந்தப் பெண்ணின் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு சாவியக்காவின் கையைப் பார்த்தார். யாருடைய ரத்தம் என்று தேடினார். தன்னுடையது என்று தெரிந்தபோது அந்த விரலை, யாரோ கையில் கொடுத்துவிட்டுப் போன பொருள் மாதிரிப் பார்த்தார்.

கீழே விழுந்த திருகாணி அத்தனையும் அந்த ஒரு நொடியில் சாவியக்காவுக்குக் கணக்கில் வந்துவிட்டது. அவள் அவருடைய கருவிப் பையைத் திறந்து டிரில்லை எடுத்து நீட்டினாள். அவர் மறுக்காமல் வாங்கினார். பூட்டைத் துளைத்துக் கதவைத் திறந்ததும் அந்தப் பெண் பாய்ந்து குழந்தையை அள்ளிக்கொண்டாள். குழந்தை அவள் தோளிலிருந்து எட்டி, கரண்டியால் பூட்டுக்காரர் தலையில் ஒன்று வைத்தது. அவர் சிரித்தார். "கை வலிக்கலையாண்ணே?" என்று அந்தப் பெண் கேட்டதற்கு, "நமக்கென்னம்மா, பழகிடுச்சு" என்றார்.

படியில் இறங்கும்போது கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டே, "புண்ணுல ஒரு சொட்டு வினிகர் விட்டா..." என்று ஆரம்பித்தார்.

"வாயை மூடுங்க!" என்றாள் சாவியக்கா. இரண்டாவது மாடியில் ஒரு கதவு திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. "இன்னொரு வாட்டி அந்தப் பேரை எடுத்தீங்கன்னா பாட்டிலோட உங்களையும் சேர்த்து வெளிய தள்ளிடுவேன். நேரா நடங்க. கடைக்கு இல்ல, டாக்டர்கிட்ட."

அவர் நேராக நடந்தார்.

கிளினிக்கில் டாக்டரம்மா காயத்துக்குக் கட்டுப்போட்டார், ஊசி போட்டார், சர்க்கரை பார்த்தார். பார்த்ததும் அவர் புருவம் ஏறியது. பிறகு தடித்த நைலான் நூல் மாதிரி ஒன்றால் விரல்களையும் பாதங்களையும் தொட்டுத் தொட்டுக் கேட்டார். காலிலும் பல இடத்தில் பூட்டுக்காரருக்குத் தெரியவில்லை. மாத்திரையை விட்டதையும், அதற்குப் பதிலாக என்ன குடிக்கிறார் என்பதையும் சாவியக்காதான் சொன்னாள். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் பூட்டுக்காரருக்குக் கோபப்படவாவது வசதியாக இருந்திருக்கும்.

"வினிகர் மேல எனக்கொண்ணும் பகை இல்லீங்க," என்றார். "நல்லாத் தண்ணி கலந்து, சாப்பாட்டோட கொஞ்சமா சேர்த்துக்கிட்டா, சாப்பிட்டதும் சர்க்கரை ஏறுறதைக் கொஞ்சூண்டு மட்டுப்படுத்தலாம். அவ்வளவுதான் அதோட சக்தி. மாத்திரை செய்யற வேலையை அது செய்யாது. சர்க்கரை இப்படியே ஏறிக்கிடந்தா நரம்பு போகும். உங்களுக்குப் போக ஆரம்பிச்சிருக்கு."

"திரும்பி வருமாங்க?" என்று சாவியக்கா கேட்டாள்.

"கட்டுக்குள்ள வெச்சா இதுக்கு மேல போகாம பாத்துக்கலாம். போனதுல எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது. பாக்கலாம்."

மருந்துக் கடைக்காரர் மாத்திரையைக் கொடுக்கும்போது வாயைத் திறக்கவில்லை. நல்ல மனுஷன். கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு இருவரும் உள்ளே குனிந்து போனார்கள். பூட்டுக்காரர் தன் மேசைக்குப் போகவில்லை. மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஏங்க, விரல் மரத்துப்போனது எப்போலேர்ந்து?"

அவர் கட்டுப்போட்ட விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வினிகருக்கு முன்னாடியேதான்," என்றார்.

"முன்னாடியேவா?"

"நுனியில மட்டும் கொஞ்சம் மதமதன்னு இருந்துச்சு. உன்கிட்ட சொல்லாம போய் வேற ஒரு டாக்டரைப் பாத்தேன். இதேதான் சொன்னாங்க. மாத்திரையை விடாம சாப்பிடுங்க, பாக்கலாம்னு. பாக்கலாம்னா என்னம்மா அர்த்தம்? பூட்டுக்காரனுக்கு விரல்ல தெரியலன்னா அப்புறம் என்ன இருக்கு? அந்த போன்ல இருக்கிறவன் ஒருத்தன்கூட பாக்கலாம்னு சொல்லல. எல்லாரும் சரியாப் போயிடும்னாங்க. அடிச்சுச் சொன்னாங்க."

சாவியக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறாள்! காலை நேரத்தில் முகம் கோணி, உடம்பு உதறி அந்தப் புளிப்பை அவர் விழுங்கியதெல்லாம் முட்டாள்தனம் என்று நினைத்திருந்தாள். பயத்தை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன், அதுவும் தனியாக.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ பயந்துடுவே."

"இப்ப மட்டும் குஷியா இருக்கேனாக்கும்?" என்று மூக்கை உறிஞ்சினாள். அவர் லேசாகச் சிரித்தார். அவள் தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "கையை நீட்டுங்க. எந்த விரல்ல தெரியுது, எதுல தெரியலன்னு எனக்கும் தெரிஞ்சாகணும். கண்ணை மூடிக்கோங்க. ஏமாத்தக்கூடாது."

அவர் கட்டில்லாத கையை நீட்டிக் கண்ணை மூடினார். அவள் ஆள்காட்டி விரல் நுனியைத் தன் விரலால் அழுத்தினாள்.

"தெரியுதா?"

"இல்ல."

நடுவிரல்.

"இது?"

"இல்லம்மா."

மோதிர விரலைக் கொஞ்சம் பலமாகவே அழுத்தினாள். அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அவர் யோசித்து, யோசித்து, தலையை ஆட்டினார். அவளுக்குத் தாங்கவில்லை. கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் விசும்பல் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"ஆங், சுண்டு விரல்! இதுல தெரியுது," என்றார் அவசரமாக, கண்ணைத் திறக்காமலே. "நல்லாவே தெரியுது. நீ அழாதே."

"நான் இன்னும் தொடவே இல்லைங்க," என்றாள்.

அவர் கண்ணைத் திறந்தார். அவள் இரண்டு கையும் அவள் முகத்தில் இருந்தன. பிறகு அவர் நீட்டிய கையை மடக்காமல் அப்படியே திருப்பி, உள்ளங்கையை விரித்தார்.

"மாத்திரையைக் குடு," என்றார்.